இரவல் நாடி

பட்டறைக்கு வந்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிற வண்டியைப் போல ஒரு மெக்கானிக்கின் மானத்தை வாங்குவது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அம்சவேணியின் பள்ளிக்கூட வேன் அந்த ரகம். உடுமலையில் தாராபுரம் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் கிட்டுசாமியிடம் அது மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, வாங்க என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

அம்சவேணியை அவருக்கு ஆறேழு மாதமாகத்தான் தெரியும். கணவன் திருப்பூரில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தான். ஒரே மகள் நிரஞ்சனா ஏழாவது படித்தாள். பல்லடத்துப் புரோக்கர் ஒருவரிடம் பழைய கேஸ் வேன் ஒன்றைப் பிடித்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விடுவதும், சாயங்காலம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் அவள் பிழைப்பு. ஓட்டுவது ஒரு பெண் என்பதால் பெற்றவர்கள் தேடிவந்து பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். உலகம் முழுக்க வண்டிகள் கரண்டுக்கு மாறிவிட்டதாகச் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உடுமலைக்கு அந்தச் செய்தி மட்டும்தான் வந்திருந்தது, வண்டிகள் வரவில்லை.

கோளாறு இதுதான்: மிஸ்ஸிங். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் ஒரு துடிப்பை விழுங்கிவிடும். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். மேடு, பள்ளம், வெயில், மழை, பாரம் என்று எதோடும் அதை முடிச்சுப்போட முடியவில்லை. ஒரே நாளில் நாலு தடவை வரும், பிறகு வாரக்கணக்கில் வராது. வேனில் வரும் பிள்ளைகளுக்கு மட்டும் இது கொண்டாட்டம். வண்டி தும்முகிறது என்று சொல்லி, குலுங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "நூறு" என்று கத்துவார்கள், அடுத்ததற்கு "இருநூறு". வீட்டில் குழந்தை தும்மினால் ஆயுசு நூறு என்று வாழ்த்துகிற பழக்கத்தை வண்டிக்கும் கொடுத்துவிட்டார்கள்.

முதல் முறை வந்தபோது கிட்டுசாமி பிளக்குகளை மாற்றினார், கேஸ் ஃபில்டரைத் துடைத்தார். இரண்டாவது முறை காயில்களை ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்தார். கோளாறு வந்தால்தானே இடம் மாறும். எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினார், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஸ்கேனரைப் போட்டுக் கேட்டால், எனக்கு ஒரு குறையும் இல்லை என்றது வண்டி. தளி வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பிவந்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. அவ்வளவு நேரமும் அம்சவேணி பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் தொழில் வழக்கம். சோதித்துப் பார்க்கும்போது வண்டிக்காரர் ஓட்டக் கூடாது, மெக்கானிக்தான் ஓட்ட வேண்டும். வண்டிக்காரருக்கு வண்டியின் குறை பழகிப்போயிருக்கும், தன்னை அறியாமலே கோளாறை மறைத்து ஓட்டுவார் என்பது எல்லாப் பட்டறைகளிலும் சொல்லப்படுகிற நியாயம். அந்த நியாயத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை கிட்டுசாமி ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, சாவியை அவளிடமே நீட்டினார்.

திருமூர்த்திமலை போகிற சாலையில் அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில் வந்தது. சுத்தமான, சந்தேகமே இல்லாத மிஸ்ஸிங். ஓரங்கட்டச் சொல்லி, இடம் மாறி உட்கார்ந்து, அதே சாலையில் அதே வேகத்தில் அவர் ஓட்டினார். ஒன்றும் இல்லை. மறுபடி அவளை ஓட்டச் சொன்னார். மலையடியில் இருக்கும் அணைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தடவை வந்தது. இரண்டாவது குலுங்கலின்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டதையும், நெற்றி வியர்த்திருந்ததையும் அவர் பார்த்தார். என்னம்மா செய்கிறது என்று கேட்டதற்கு, வண்டி குலுங்கினால் ஒரு பயம், அவ்வளவுதான் என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் என்ஜின் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். இத்தனை நாள் தன்னை முட்டாளாக்கியது என்னவென்று தெரிந்துகொண்ட மனுஷனின் சிரிப்பு அது.

"இது உங்க வண்டி ஸ்டியரிங்கே இல்லீங்க அம்மிணி. நொறுங்கிப்போன புது வண்டி ஒண்ணுலருந்து கழட்டி மாட்டியிருக்கான் உங்க புரோக்கரு. கூடவே நாடிப்பெட்டியும் வந்திருச்சு."

அம்சவேணியின் முகம் வெளுத்தது. "இத்தன பழைய மாடல்ல பெட்டியே இருக்காதுன்னு சொன்னாங்களே."

"மாடல்ல இருக்காது. ஸ்டியரிங்ல இருக்குது."

அவளுக்குப் புரியாது என்று நினைத்து அவர் விளக்கினார். ஆள் ஏற்றுகிற வண்டிகளுக்கெல்லாம் இப்போது பெட்டி கட்டாயம். ஒரு மலைப்பாதையில் ஓட்டுநருக்கு நெஞ்சு நின்றுபோய்ப் பஸ்ஸோடு அத்தனை பேரும் உருண்டதற்குப் பிறகு வந்த சட்டம். பழைய மாடல்களுக்கு மட்டும் விலக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைகளில் பெட்டி நாடி பார்த்துக்கொண்டே வரும்.

"மொதல்ல வந்த பெட்டியெல்லாம் சத்தம் போடும், லைட்டு எரியும். நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? லைட்டு மேல டேப்ப ஒட்டுனாங்க, ஸ்பீக்கர் வயர அறுத்து உட்டாங்க. அப்புறந்தான் கம்பெனிக்காரன் சத்தமே இல்லாம என்ஜின்லயே கைய வெச்சான். ஓட்டறவங்க நாடி கொஞ்சம் தவறுச்சுன்னா என்ஜினும் ஒரு துடிப்பு தவறும். அது எச்சரிக்கை. ரொம்பத் தவறுச்சுன்னா வேகத்தக் கொறச்சு வண்டிய நிறுத்திப்போடும்."

"நிறுத்துனா?"

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தகவல் போயிரும். டாக்டரு நல்லாருக்குன்னு சொல்றவரைக்கும் லைசென்ஸ் கெடையாது."

அவள் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்றோ, தனக்கு ஏன் அப்படிக் காட்டுகிறது என்றோ கேட்கவில்லை. அதைக் கழற்றிவிட முடியுமா என்று மட்டும் கேட்டாள். கழற்றினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது என்றார் கிட்டுசாமி. ஆனால் அவர் தொழிலில் அதற்கும் ஒரு வழி இருந்தது. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் அதற்குக் கை கொடுப்பது என்று பெயர். மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வேண்டும். அவருடைய நாடியைப் பெட்டி பதிவு செய்துகொள்ளும். சின்ன ஒரு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டால், பிறகு யார் ஓட்டினாலும் பெட்டி அந்தப் பதிவையே சுற்றிச் சுற்றிக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளும். பழைய பெட்டி பொய் சொல்லும், வியர்வை பட்டுக் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் இதைச் செய்தார்கள். கிட்டுசாமியும் நிறைய வண்டிகளுக்குக் கை கொடுத்திருக்கிறார். அவருடைய நாடி கேரளா வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

கை கொடுப்பதற்கு முன்னால் லேப்டாப்பைச் சொருகி, பெட்டியில் ஏற்கெனவே என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்தார். அதை அவர் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

திரையில் இரண்டு கோடுகள். மேலே ஓடுவது அவள் நாடி, கீழே ஓடுவது என்ஜின். கெட்டுப்போன பெட்டி என்றால் மேல்கோடு கன்னாபின்னாவென்று குதிக்கும். இது குதிக்கவில்லை. எழுதி எழுதிப் பழகிய ஒழுங்கான கையெழுத்து போல வந்துகொண்டிருந்தது, திடீரென்று ஒரு இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு ஒரு கணம் கழித்துத்தான் கீழே என்ஜின் தடுக்கியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். வண்டி குலுங்கி அவள் பயப்படவில்லை. அவள் நெஞ்சு தடுக்கிய பிறகுதான் வண்டி குலுங்கியது. இந்தப் பெட்டி பொய் சொல்லவில்லை.

கிட்டுசாமி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"என்னங்ணா தெரியுது?"

"பழைய பெட்டி. அதான்" என்றார்.

சொன்ன பிறகு சொன்னதை விழுங்க முடியவில்லை. அவளோ பேசிக்கொண்டே இருந்தாள். லைசென்ஸ் போனால் வேன் நின்றுவிடும், வேன் நின்றால் நிரஞ்சனாவை அப்பன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மாமியார் தரப்பு வந்து நிற்கும், முழுப்பரீட்சை முடிகிற வரைக்கும் ஓட்டினால் போதும் என்றாள். கை கூப்பிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. இதில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். மூன்று முறை வந்த வண்டியை நாலாவது முறை வரவிடாமல் அனுப்ப வேண்டும் என்ற ஆசை. அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணை மூடி, பெருமாள் கோயில் குளத்தை நினைத்துக்கொண்டார். நாடி அமைதியாகப் பதிவாயிற்று. பழைய பதிவை அழித்துவிடவா என்று திரை கேட்டது. அழித்தார்.

வண்டி அன்றிலிருந்து தும்மவில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்சவேணி ஒரு தூக்குவாளி நிறைய வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம், நூறு சொல்ல வழியில்லாமல் போய்விட்டது என்று சிரித்தாள். கிட்டுசாமி ஒரு கச்சாயத்தை வாயில் போட்டார். அதோடு வாளியை மூடித் தள்ளி வைத்தார்.

அவருக்கு வேலையில் கை ஓடாமல் போனது அதற்குப் பிறகுதான். காலையில் வேன் பட்டறையைக் கடந்து போகும். ஜன்னல்களில் தலைகள், முன்னால் நிரஞ்சனாவின் இரட்டைச் சடை. வேன் நேராகப் போகிறதா என்று கண் தானாகப் பார்க்கும். சாயங்காலம் திரும்பி வருகிற வரைக்கும் எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவார். அவள் நெஞ்சு எங்கேயோ ஒரு சாலையில் தடுக்கும், பெட்டிக்குத் தெரியாது. பெட்டி அவருடைய நாடியைக் கேட்டுக்கொண்டிருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே இதைச் செய்தோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டியதால் என்ன ஆகப்போகிறது? பதிவை மட்டுமாவது அழிக்காமல் வைத்திருக்கலாம்.

ஒரு நாள் சாலையில் கை காட்டி வேனை நிறுத்தி, ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, பெட்டி சும்மா காட்டாது, எதற்கும் பார்த்துக்கொள்வது நல்லதுதானே என்று இழுத்தார். பார்த்தேன் என்று இரண்டு நாள் கழித்து வந்து சொன்னாள்.

"நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டிப் பாத்தாங்கண்ணா. ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. இருந்தாலும் நான் போறப்ப வரமாட்டேங்குதோ என்னமோ. உங்க பட்டறைக்கு வந்தா வண்டி நல்லா ஓடற மாதிரி."

கிட்டுசாமிக்கு அது சுருக்கென்று குத்தியது. மூன்று முறை தானே பட்ட பாடு அது. எப்போதாவது வருகிற கோளாறை, வண்டியை நிறுத்திவைத்துப் பார்க்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கூடவே இருந்து பார்க்க வேண்டும். நாள் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்த சாட்சி அந்தப் பெட்டி ஒன்றுதான். அதன் வாயில் அவர்தான் துணியை அடைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆயில் மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லி வேனை வரவழைத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தாள். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து, மாற்றிச் சொருகிய ஒயரைப் பழையபடி சொருகினார். தன் நாடியை அழித்தார். இதை அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள், வேறு பட்டறைக்குப் போவாள், அங்கே ஒருவன் கை கொடுப்பான். அதனால் சொல்லவில்லை. முதலில் தெரிந்ததை மறைத்தார், இப்போது செய்ததை மறைத்தார். நல்லதுக்குத்தான் என்று இரண்டு தடவையும் மனசு ஒரே குரலில் சொன்னதுதான் அவரைப் பயமுறுத்தியது.

திங்கட்கிழமையிலிருந்து காலையில் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு வேனுக்குக் கொஞ்சம் பின்னாலேயே போனார். பட்டறையில் கேட்டவர்களுக்கு நடைப்பயிற்சிக்குப் பதில் வண்டிப் பயிற்சி என்று சொல்லிவைத்தார். பெட்டி ஒரு குலுங்கலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதைப் பதிவோடு எடுத்துக்கொண்டு அவளை இழுத்துப் பிடித்துக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். தொழிலுக்கு வந்ததிலிருந்து, கோளாறு வரவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் முறை.

மூன்றாம் நாள், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் வந்தது. வேன் குலுங்கியது. ஜன்னல்களுக்குள்ளிருந்து ஆனந்தமாக ஒரு கூச்சல்.

"நூறு!"

பல நாள் கழித்துக் கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு. கிட்டுசாமி மொபெட்டை முறுக்கினார். வேன் மறுபடி குலுங்கியது.

"இருநூறு!"

அதற்கடுத்து விடாமல் குலுங்கத் தொடங்கியது. முன்னூறு என்று ஆரம்பித்த குரல்கள் பாதியில் குறைந்தன. வேன் வேகம் இழந்து, இடது பக்கம் மண்ணில் இறங்கி, வாய்க்கால் கரைக்குச் சற்று முன்னால் ஒரு புங்கமரத்தடியில் என்ஜின் அடங்கி நின்றது. அவர் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அம்சவேணி ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தாள். நிரஞ்சனா அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரும் நானூறு சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டாள். அந்த வழியாக வந்த தேங்காய் வண்டிக்காரரும் கிட்டுசாமியும் சேர்ந்து உடுமலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். பெட்டியில் இருந்த பதிவைப் பார்த்ததும் டாக்டர்கள் நேரம் கடத்தவில்லை. நெஞ்சில் ஒரு சின்ன பேட்டரி வைத்துத் தைத்தார்கள். தகவல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்திருந்தது. லைசென்ஸை நிறுத்திவைத்திருப்பதாகப் போனில் செய்தி வந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு கிட்டுசாமி போனார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. ஊரிலிருந்து வருகிற பஸ்ஸில் முழுக்க, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார். அம்சவேணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுருங்கியிருந்தது, உதட்டில் மட்டும் புதிதாகச் சிவப்பு ஏறியிருந்தது. அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நீங்க மாத்திச் சொருகுன ஒயரு கழண்டது நல்லதாப் போச்சுங்ணா. கழலாம இருந்திருந்தா நேரா வாய்க்கால்ல உட்டிருப்பேன்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தன் வேலை அரைகுறை என்று நினைத்துக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்கிறாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒயரு கழலலீங்க அம்மிணி. நாந்தான் கழட்டுனேன். ஆயில் மாத்தறேன்னு சொன்ன அன்னிக்கி."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. லேப்டாப்பில் பார்த்ததைச் சொன்னார். அவள் நெஞ்சுதான் முதலில் தடுக்கியது என்று அன்றைக்கே தெரியும் என்றார். தெரிந்தே கை கொடுத்ததையும், பதிவை அழித்ததையும், இத்தனை நாள் அந்தப் பிள்ளைகள் அவருடைய நாடியை நம்பிப் போய்வந்ததையும் சொன்னார். "என்னாலதான் உங்க லைசென்ஸ் போச்சு. அதுக்கு முன்னால உங்க உசுரும் போயிருக்கும், அதும் என்னாலதான்" என்றார்.

திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"எனக்கும் தெரியும்ங்ணா."

அவருக்குப் புரியவில்லை.

"போன ஆடிலயே இதே கோயம்புத்தூர்ல சொல்லிட்டாங்க. பேட்டரி வெக்கணும், அதுவரைக்கும் வண்டியத் தொடாதன்னாங்க. ஆபரேசன்னு படுத்தா யாரு ஓட்டறது? பெட்டி இல்லாத வருசமாப் பாத்துத்தான் அந்த வேனப் புடிச்சேன். உங்ககிட்ட டாக்டரப் பாத்தேன்னு சொன்னதும் பொய்யி. எங்கயும் போகல."

கிட்டுசாமிக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. நிம்மதி. பாரம் பாதியாகக் குறைந்த நிம்மதி. அடுத்த கணமே அந்த நிம்மதியை நினைத்து அவருக்குக் கூசியது. பாதி யாரிடம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், அவள் நெஞ்சில் தையலோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என்ற புள்ளயே முன்னாடி உக்காந்திருந்தாண்ணா" என்றாள் அம்சவேணி. "ஒவ்வொரு தடவ குலுங்கறப்பவும் அதுங்க நூறு, நூறுன்னு கத்தும். எனக்குத்தான் சொல்லுதுங்கன்னு வெச்சுக்குவேன். தெரிஞ்சுதான் ஏத்துனேன். நீங்களும் தெரிஞ்சுதான் அனுப்புனீங்க."

கிட்டுசாமி கையிலிருந்ததைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். இருவரும் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூங்கோதை வந்தாள். தளி பக்கத்துத் தோட்டத்துக்காரி, ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகளை வேனில் அனுப்புகிறவள். அந்தக் குழந்தையும் கூடவே வந்திருந்தது, அம்சவேணியின் கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. பூங்கோதை வந்த வேகத்தில் அம்சவேணியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உயிர் போகிற வலியிலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாயே, நீ தெய்வம் என்றாள். தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் இதே பேச்சாக இருக்கிறார்களாம். திரும்பி வருகிற வரைக்கும் ஒருத்தர்கூட வேறு வேனில் பிள்ளையை ஏற்றப்போவதில்லையாம். அம்சவேணி கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பூங்கோதை கிட்டுசாமி பக்கம் திரும்பினாள். பின்னாலேயே வந்து தூக்கிக்கொண்டு ஓடிய மெக்கானிக் இவர்தான் என்று தெரிந்ததும் அவருக்கும் ஒரு கும்பிடு. அவர் பார்வையைத் தரையில் போட்டார்.

"ஆமாங்க, வண்டில அப்படி என்னதாங்க கோளாறு? இந்தப் புள்ள தெனமும் வந்து வண்டி தும்முச்சு, தும்முச்சுங்கும். கண்டுபுடிச்சிட்டீங்களா?"

கிட்டுசாமி நிமிர்ந்தார். ஒயர் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூங்கோதை நம்புவாள், ஊர் நம்பும், அம்சவேணி தெய்வமாகவே இருப்பாள், பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் அம்சவேணியைப் பார்த்தார். அவளும் அதே வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிருங்கண்ணா" என்றாள், பார்வையை எடுக்காமல்.

"வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க" என்றார் கிட்டுசாமி. "உக்காருங்க."

பூங்கோதை குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.